நான் துப்பாத தண்ணீர்

அன்புள்ள மகனுக்கு,

பருத்தித்துறையில் நீ கட்டப்போகும் பிள்ளையின் வீட்டில் தந்த தண்ணீரை நான் துப்பவில்லை. துப்பினேன் என்று உன் மாமி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னதும், அதைக் கேட்டு ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் நம் ஆட்கள் கைதட்டும் படங்களைப் போட்டதும், அதற்குப் பிறகு நீ எனக்கு அனுப்பிய ஒலிச்செய்தியும் எல்லாமே ஒரு பிழையின் மேல் கட்டப்பட்டவை. தண்ணீர் என் வாயால் வெளியே வந்தது உண்மை. மூக்காலும் வந்தது. அவர்களுடைய வெள்ளை மேசைவிரிப்பு நனைந்ததும் உண்மை. ஆனால் துப்புவதற்கு ஒருவருக்கு எண்ணம் வேண்டும். அந்த நேரம் எனக்கு மூச்சு வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த எண்ணமும் இருக்கவில்லை.

பேச்சு எல்லோருக்கும் முன்னால் நடந்தது. ஆகவே மறுமொழியும் எல்லோருக்கும் முன்னால் வரட்டும். இதை எழுதி முடித்ததும் தாள்களைப் படம் எடுத்து அதே குழுவில் நானே போடுவேன். எழுதிய தாள்கள் தபாலில் உன் லண்டன் விலாசத்துக்கு வரும். உன் மாமிக்கு என் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் என்னிடம் மேலதிகமாக ஒரு கண்ணாடி இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். அழைப்பு எடுத்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பயனில்லை. இரண்டு வசனம் சேர்த்துச் சொன்னால் மூன்றாவதை இருமல் வாங்கிக்கொள்கிறது. நான் பாதியில் நிறுத்துவதை நீ அழுகை என்று நினைத்திருப்பாய். நான் அழவில்லை. எழுத்து இருமாது, அதனால் எழுதுகிறேன்.

என் நாக்கின் அடியில் கட்டி வந்த வருடம் நீ வேலையை விட்டுவிட்டு வந்து என்னோடு நின்றாய். முகத்துக்கு வலை போன்ற மூடியைப் போட்டு மேசையோடு பூட்டிப் புற்றுக்குக் கதிர் பிடித்தபோது, நீ வெளியே மர வாங்கில் இருந்தாய் என்பது தெரிந்ததால்தான் நான் அசையாமல் கிடந்தேன். கட்டி போய்விட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நீ விமானம் ஏறினாய். இருமல் அதற்குப் பிறகு வந்தது. முதலில் சாப்பாட்டோடு வந்தது, பிறகு படுக்கையோடு, பிறகு பேச்சோடு. வாயில் எச்சில் பாதி வற்றிப்போனது. மிச்சமிருந்தது பசை போல உதட்டில் ஒட்டி நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் நீ “இருமல் இருக்கோ அம்மா?” என்று கேட்டாய். “கொஞ்சம் தம்பி, பனிக்கு” என்றேன். சித்திரை வெயிலிலும் பனி என்றே சொன்னேன். கோப்பாயில் பிறந்து வளர்ந்த நீயும் அதை நம்பினாய்.

ஏன் மறைத்தேன்? இரண்டு காரணங்கள். இருமுகிறாள் என்று வெளியே தெரிந்தால் “திரும்ப வந்திட்டுதாம்” என்ற கதை படலையைத் தாண்ட நேரமெடுக்காது. உன் கலியாணப் பேச்சு தொடங்கியிருந்த நேரத்தில் நான் ஒரு சாவு வீடாக இருக்க விரும்பவில்லை. மற்றக் காரணம் பழையது. நான் படித்த கொன்வென்ற்றில் காலைக் கூட்டத்தில் இருமினால் தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் திரும்பிப் பார்ப்பார். பேச மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து கைக்குட்டையை வாயில் அழுத்தி இருமலை விழுங்கப் பழகினோம். பாட்டுப் பிழைத்தால் மன்னிப்பு உண்டு, இருமலுக்கு இல்லை. அந்தப் பழக்கம் என்னை இந்த வயதிலும் விடவில்லை. தொண்டை அரித்தால் கைக்குட்டை, அதற்கும் அடங்காவிட்டால் கொத்தமல்லி அவித்த தண்ணீர். செம்பைத் தூக்கி, அண்ணாந்து, உதடு படாமல் தொண்டைக்குள் ஊற்றுவேன். அடங்கும். சிறிது நேரத்தில் திரும்பவும் வரும். திரும்பவும் ஊற்றுவேன்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன். நீ விரும்பிய பிள்ளையின் தாய் தகப்பன் பருத்தித்துறையில் இருக்கிறார்கள் என்று நீ முதன்முதல் சொன்னபோது, “அங்கை எந்தப் பகுதி?” என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியை நான் மறுக்கவில்லை. எதற்காகக் கேட்டேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ கடற்கரைப் பக்கம் என்றாய். நான் பேச்சை மாற்றி, பிள்ளை என்ன படித்தவள் என்று கேட்டேன். பிறகு நானே போய்ப் பார்த்து நாள் பேசுகிறேன் என்று சொன்னேன். சொன்னபடி போனேன். உன் அப்பா இல்லாத நம் வீட்டுக்கு ஒரு துணை வேண்டும் என்று உன் மாமியைக் கூட்டிப் போனேன். அது என் கெட்டித்தனம்.

நல்ல மனிதர்கள். முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். தகப்பன் வெள்ளை வேட்டி கட்டி வாசலுக்கு வந்தார். தாய், மெலிந்த, நிமிர்ந்த மனுசி, ஒரு தட்டத்தில் பித்தளை மூக்குப்பேணியில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பேணி பொன்போல மின்னியது. அன்று காலையில்தான் புளி போட்டு மினுக்கியிருக்க வேண்டும். மூக்குப்பேணி உனக்குத் தெரியும், பக்கத்தில் மூக்கு வைத்த பேணி, உதட்டில் படாமல் உயர்த்தி வாயில் வார்த்துக் குடிப்பதற்கென்றே செய்தது. உன் மாமி தனக்கு வைத்த கிளாசைப் பார்க்காமலே மேசைக்கு அப்பால் தள்ளினார். அதைக் கண்டேன். அதனால்தான் பேணியை எடுத்தேன். எதை விழுங்கினாலும் சில நேரம் இருமல் வரும் என்று தெரியும். குடிக்காவிட்டால் என்ன கதை வரும் என்பதும் தெரியும். இருமினாலும் பரவாயில்லை, அந்த வீட்டுத் தண்ணீரை நான் குடித்ததை அவர்கள் காணட்டும் என்று அண்ணாந்து வார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஒழுங்காக நினைவில் இல்லை. நெஞ்சுக்குள் கதவு அடித்துச் சாத்தியதுபோல இருந்தது. தண்ணீர் வந்த வழியாலும் வராத வழியாலும் வெளியே பாய்ந்தது. அந்தத் தாய் ஓடிவந்து, எவருக்கும் புரையேறினால் செய்வதுபோல என் உச்சியில் தட்டி, “ஆரோ நினைக்கினம் அம்மா, ஆரோ நினைக்கினம்” என்றார். எனக்கு மூச்சில்லை. தலையில் தட்டத் தட்ட இன்னும் உள்ளே போவதுபோல இருந்தது. அவருடைய கையைத் தட்டிவிட்டேன். எழுந்து முற்றத்துக்கு ஓடி, கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வந்தபோது என் சேலை நனைந்திருந்தது, மூக்கு ஒழுகியது, நான் ஒரு வீட்டுக்குப் போய் இப்படி நின்றதே இல்லை. உள்ளே திரும்பிப் போய் முகம் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. நாங்கள் வந்த வாடகை வானுக்குள் ஏறி இருந்துவிட்டேன். சொல்லாமல் வந்துவிட்டேன், மகன். வெட்கத்தில் வந்துவிட்டேன்.

வான் வல்லை வெளியைக் கடக்கும்போது உன் மாமி என் தொடையில் தட்டினார். “மச்சாள், நல்ல வேலை செய்தியள். நான் கிளாசைத் தள்ளி வைச்சதோடை நிண்டிட்டன். நீங்கள் அவையின்ரை மூஞ்சைக்கு முன்னாலையே துப்பிப்போட்டு வந்திட்டியள். இந்தக் காலத்திலை ஆருக்கு உந்தத் துணிவு வரும்?” என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அவருடைய கண் கலங்கியிருந்தது. என்னை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியொரு அதிர்ச்சி உன் அப்பாவின் செய்தி வந்த நாளுக்குப் பிறகு வந்ததில்லை. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. ஆனால் முழுக் குற்றத்தையும் இருமலின் தலையில் கட்ட மாட்டேன். கோப்பாய்ச் சந்தியில் இறங்கும்போது எனக்கு மூச்சு நன்றாக இருந்தது. “நான் துப்பேல்லை, எனக்கு விழுங்கேலாது” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டி வருத்தம் திரும்பிவிட்டது என்று விடிவதற்குள் பரப்புவார். இரண்டு கதைகளில் எது மோசமானது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்து முடிவதற்குள் வான் போய்விட்டது.

உன் ஒலிச்செய்தியைக் குசினியில் நின்று கேட்டேன். “அம்மா, நீங்கள் செய்ததைக் கேள்விப்பட்டன். எனக்கு இனிக் கதைக்க ஒண்டும் இல்லை. கலியாணத்துக்கு நீங்கள் வரத் தேவையில்லை.” திரும்பப் போட்டுக் கேட்டேன், என் காது பிழையாக இருக்கலாம் என்று. காது பிழையில்லை. நீ “செய்தியளோ?” என்று கேட்கவில்லை. “செய்ததை” என்றாய். என்னைத் திகைக்கவைத்தது அந்த ஒரு சொல். என் வயிற்றில் பிறந்தவன், என் அருகில் இருந்து நோயில் என்னைத் துடைத்தவன், அம்மா அப்படிச் செய்திருப்பா என்று உடனே நம்பிவிட்டான். பிறகு அடுப்படியில் இருந்து யோசித்தபோது அதைவிட மோசமான ஒன்று பிடிபட்டது. நீ நம்பியதில் பிழையில்லை. “எந்தப் பகுதி?” என்று கேட்டவள் நான்தானே.

அந்தக் கிழமையே காய்ச்சல் வந்தது. குளிர் நடுங்கி, மூச்சு இழுத்து, முன்வீட்டு ஆசிரியை என்னை ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நுரையீரலில் கிருமி என்று மருந்து ஏற்றினார்கள். கட்டி திரும்பவில்லை, அதையும் பார்த்துச் சொன்னார்கள். இதை உன் மாமிக்காகத் தனியாக எழுதுகிறேன்: கட்டி திரும்பவில்லை. காய்ச்சல் விட்டதும் தொண்டை வைத்தியர் மூக்கு வழியாக மெல்லிய கமரா ஒன்றை இறக்கினார். விழுங்கப் பழக்குகிற பிள்ளை ஒருத்தி பக்கத்தில் நின்றாள், பேச்சுச் சிகிச்சை படித்தவள், சிரித்த முகம், இரக்கமில்லாத வாய். பச்சைச் சாயம் கலந்த தண்ணீரைத் தந்து, “வீட்டிலை எப்பிடிக் குடிப்பியளோ அப்பிடியே குடியுங்கோ அம்மா” என்றாள். நான் அண்ணாந்து வார்த்தேன். முன்னால் திரையில் என் தொண்டை தெரிந்தது. ஒரு கணம் எல்லாம் வெள்ளையாகி மறைந்தது. திரும்பத் தெளிந்தபோது பச்சை நிறம் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. குரல் நாண்களுக்குக் கீழே, மூச்சுக்குழாய்க்குள், மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் இருமவில்லை.

“ஒண்டும் தெரியேல்லையோ அம்மா?”

“இல்லைப் பிள்ளை.”

“உதுதான் எங்களுக்குப் பயம்.”

என் உடம்புக்குள் தண்ணீர் தவறான வீட்டுக்குள் நுழைவதை நான் கண்ணால் பார்க்கிறேன், எனக்கு ஓர் அரிப்புக்கூட இல்லை. அந்த நாற்காலியின் கைப்பிடியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால் அவள் வந்து விரல்களைப் பிரித்தாள். கதிர் பட்ட இடம் மரத்துப்போய் இறுகிவிட்டதாம். விழுங்கும்போது மூடவேண்டிய வழி முழுதாக மூடுவதில்லையாம். தலையை நிமிர்த்தினால் அந்த வழி இன்னும் திறந்து கொடுக்கிறதாம். இருமலை அடக்குவதற்கென்று நான் ஊற்றிய கொத்தமல்லித் தண்ணீரில் ஒரு பங்கு இவ்வளவு காலமும் நுரையீரலுக்குத்தான் போயிருக்கிறது. இருமலுக்கு மருந்தென்று இருமலையே குடித்திருக்கிறேன்.

“உங்கடை இருமல் வருத்தமில்லை அம்மா, அது காவல்காரன்” என்றாள் அவள். “பாதி நேரம் அவன் நித்திரை. முழிச்சிருக்கிற நேரத்திலை நீங்கள் கைலேஞ்சியாலை அவன்ரை வாயைப் பொத்திறியள். பிறகென்ன செய்வான்?” அடுத்த மிடறை ஒரு கோப்பையில் தந்து, உதட்டை விளிம்பில் வைத்து, நாடியை, மோவாயை, நெஞ்சுப் பக்கம் இறக்கிக் குடிக்கச் சொன்னாள். “நான் ஒருத்தருக்கும் தலை குனிஞ்சதில்லைப் பிள்ளை” என்றேன், பகிடியாகத்தான். “தண்ணிக்குக் குனியுங்கோ, காணும்” என்றாள். குனிந்தேன். திரையில் பச்சை போக வேண்டிய வழியில் போனது. எல்லாருக்கும் இது பொருந்தும் என்றில்லை, பார்த்துத்தான் சொல்ல வேண்டும், எனக்குப் பொருந்துகிறது என்றாள். கோப்பையில் உதடு வைத்துச் சத்தமில்லாமல் குடிக்க மதர் எங்களுக்குப் பழக்கியிருந்தார். அதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு, அவர் சொன்னவற்றில் இருமலை விழுங்குவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது என் நாள் எப்படிப் போகிறதென்று சொல்கிறேன். தண்ணீரையும் தேத்தண்ணியையும் சின்ன மிடறாக, நேராக இருந்து, நாடியைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்து விழுங்குகிறேன். விழுங்கியதும், வந்தாலும் வராவிட்டாலும், வேண்டுமென்றே இருமுகிறேன். பிறகு இன்னொரு தரம் விழுங்குகிறேன். “ஆ” என்று சொல்லிப் பார்க்கிறேன், குரல் ஈரமாகக் கேட்டால் திரும்பவும் இருமுகிறேன். பல்லும் நாக்கும் முன்னரைவிடக் கவனமாகத் துலக்குகிறேன், வாயிலுள்ள அழுக்கு நெஞ்சுக்குப் போகக்கூடாது என்பதற்காக. சாப்பிட்ட கையோடு படுப்பதில்லை. இருமல் முழுதாகப் போகுமா என்று கேட்டேன். குறையும், போகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. முன்வீட்டு ஆசிரியை கேட்கக் கேட்க, வாசல் கதிரையில் இருந்து, வாயைப் பொத்தாமல் இருமுகிறேன். முதல் நாள் அதைச் செய்தபோது மதர் எங்கிருந்தோ திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

நான் வீட்டுக்கு வந்த சில நாளில் அந்தத் தாய் வந்தார். பருத்தித்துறை பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி, வெயிலில் நடந்து வந்தார். கையில் ஒன்றும் இல்லை. வருத்தக்காரரைப் பார்க்க வருகிறவர் வெறும் கையோடு வர மாட்டார், வழக்குப் பேச வருகிறவர்தான் வருவார். இருக்கச் சொன்னேன், இருந்தார். கிளாசில் தண்ணீர் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“நான் துப்பேல்லை” என்றேன். “எனக்கு விழுங்கேலாமல் போச்சு. வருத்தம் மாறினாப் பிறகும் இருமல் மாறேல்லை.”

“அப்ப அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

“வெக்கமாக் கிடந்தது.”

“வெக்கமோ!” என்றார். “உங்கடை வெக்கத்துக்கு எங்கடை மானத்தையோ எடுத்தனீங்கள்? என்ரை மனுசன் அண்டையிலையிருந்து சந்தைப் பக்கம் போறேல்லை.” பிறகு குரல் தாழ்ந்தது. “உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தம். எங்கடை கிளாசிலை நீங்கள் வாய் வைக்க மாட்டியளெண்டு நினைச்சு, என்ரை மாமியாற்றை பேணியைத் தேடி எடுத்து மினுக்கினனான். வாய் படாமல் குடிக்கட்டும், அவவுக்கும் சங்கடம் வேண்டாமெண்டு. அதையும் துப்பினதாக் கண்டால் எனக்கு எப்பிடி இருக்கும்?”

மகன், அந்தப் பேணி எனக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். மரியாதையில்லை, அது என் பெயர். நான் போவதற்கு முன்பே என் பெயர் அந்த வீட்டுக்குப் போய், எந்தப் பாத்திரத்தில் எனக்குத் தண்ணீர் தர வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறது. சாதாரணக் கிளாஸ் ஒன்றைத் தந்திருந்தால் நான் குனிந்து குடித்திருக்கவும் கூடும், மேசைவிரிப்பு நனையாமலே போயிருக்கவும் கூடும். என்னைப் புரையேற வைத்தது அந்தத் தண்ணீரில்லை.

நான் எழும்பி இன்னொரு கிளாஸ் எடுத்துவந்து, அவருக்கு முன்னால் இருந்து, இப்போது குடிக்கிறபடி குடித்துக் காட்டினேன். நாடியைத் தாழ்த்தினேன், விழுங்கினேன், உரத்து இருமினேன், திரும்ப விழுங்கினேன். மூக்கு ஒழுகியது, துடைத்தேன். என் வாழ்க்கையில் ஒரு விருந்தாளிக்கு முன்னால் நான் செய்த மிக அவலட்சணமான காரியம் அதுதான். அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒவ்வொருக்காலும் உப்பிடியோ?” என்றார். “ஓம், ஒவ்வொருக்காலும்” என்றேன். தன் கிளாசை எடுத்து, உதட்டை வைத்து, முழுவதையும் குடித்தார். “நான் நம்பிறன். ஆனால் மகள் நான் சொல்லிக் கேளாள். உங்கடை மோன் சொன்னால்தான் கேப்பாள்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

உனக்குச் சொல்ல இரண்டு விசயங்கள் இருக்கின்றன, தாய் என்பதால் சொல்கிறேன். உன் உடம்பில் ஏதும் பிழைத்தால் அன்றைக்கே அந்தப் பிள்ளைக்குச் சொல். பனி என்று சொல்லாதே. உன் வீட்டுக்கு ஒருவர் வந்தால், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்துப் பாத்திரம் எடுக்காதே, எதில் குடிப்பீர்கள் என்று கேள். இந்த இரண்டையும் இந்த வயதில்தான் நான் படித்தேன். படித்த விதத்தை நினைத்துக்கொண்டே எழுதுவதால், இந்தப் பக்கத்தில் எழுத்து சரிந்திருப்பதை நீ காண்பாய்.

கலியாணம் தையில். என் இருமல் அதற்குள் போகாது. மண்டபத்தில் ஐயர் மந்திரம் சொல்லும்போதும் இருமுவேன், நாதஸ்வரத்துக்கு மேலாலும் கேட்கும். கைம்பெண் என்று பின்வரிசையில் இருக்கச் சொன்னால் இருப்பேன். இருமுகிறவள் என்று கதவோரம் இருக்கச் சொன்னாலும் இருப்பேன். துப்பியவள் என்று எந்த இடத்திலும் இருக்க மாட்டேன்.

நான் துப்பவில்லை என்பதை நீ நம்புகிறாயா, நான் வரலாமா, இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும். ஒலிச்செய்தி வேண்டாம், கைதட்டும் படமும் வேண்டாம். ஒரு தாளில் உன் கையால் எழுதி, தபாலில் போடு.

அம்மா
கோப்பாய்